ஜெபசிங்கின் நூறு பங்குகள்

“இந்த ஊரில் சொந்தமாகச் சாகப்போகிற கடைசி மனிதன் நான்தான்” என்று இசக்கிராஜன் அறிவித்தார். மனித குலத்தின் மானம் மொத்தமும் தம் ஒருவர் தோளில் இறங்கியிருப்பதாகவும், கனக்கத்தான் செய்கிறது என்றாலும் தாம் அதை இறக்கிவைக்கப் போவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் இருந்த எல்லோரும் இதைக் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தகுதி உள்ளவர்கள், அதாவது தங்கள் சாவை இன்னும் விற்காதவர்கள், கடையில் வேறு யாரும் இல்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்கூடப் போன வருஷம் விற்றவர்தான். அந்தக் காசில்தான் கடைக்குப் புதுக் கூரை வந்தது. அந்தக் கூரையின் நிழலில் நின்றுதான் இசக்கிராஜன் பேசினார்.

எல்லாம் ஆயுள்மானி வந்ததன் பலன். விரல் நீளத்தில் ஒரு குழல், அவ்வளவுதான். ஊதினால், மூச்சில் கலந்திருக்கும் வாயுக்களை எல்லாம் முகர்ந்து பார்த்து, இன்னும் எத்தனை வருஷம் என்று பக்கவாட்டில் எண்ணாகக் காட்டிவிடும். ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். விபத்து மட்டும் அதற்குத் தெரியாது. லாரி மூச்சில் இருப்பதில்லை.

இந்தக் குழல் வந்ததும் முதலில் செத்தது ஆயுள் காப்பீடுதான். நிறைய வருஷம் இருக்கிறவன் பாலிசி எடுக்க மாட்டேன் என்றான். கொஞ்ச வருஷம் இருக்கிறவனுக்குக் கம்பெனி கொடுக்க மாட்டேன் என்றது. மிஞ்சியவை, இரண்டு பக்கமும் இருட்டில் இருந்த காலத்தில் எழுதப்பட்ட பழைய பாலிசிகள் மட்டும். அவை தங்கமாகிவிட்டன. தவணை கட்ட முடியாதவர்கள், கைச்செலவுக்கு இல்லாதவர்கள், மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் எல்லோரும் பாலிசியைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். வாங்குகிறவர் இன்றைக்கு ஒரு தொகை கொடுப்பார். இனி தவணை அவர் பாடு. விற்றவர் கண்ணை மூடினால் முழுப் பணமும் வாங்கினவருக்கு. விற்கிறவருக்கு ஆயுள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல விலை. ஊதிப் பார்த்து முப்பது வருஷம் என்று வந்தால், தரகர்கள் உச்சுக் கொட்டி, தைரியமாக இருங்கள் என்று தோளில் தட்டி அனுப்பினார்கள்.

முழுசாக வாங்க எல்லோருக்கும் வசதி இருக்குமா? அதனால் ஒவ்வொரு சாவையும் நூறு பங்காகப் பிரித்து ஃபோனிலேயே விற்றார்கள். வாங்கினவர்களுக்கு ‘ஆயுள் பங்காளி’ என்று பெயர். பங்காளி நம்முடைய நன்மையை விரும்புவான் என்று தமிழன் என்றைக்கும் நம்பியதில்லை ஆகையால், அந்தப் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

பொருளை வாங்கினவனுக்கு அது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க உரிமை வேண்டாமா? வேண்டும் என்றது சட்டம். பங்காளிகளில் யார் வேண்டுமானாலும் வந்து “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்கலாம். கேட்டால், விற்றவர் அந்த இடத்திலேயே குழலை எடுத்து ஊதிக் காட்ட வேண்டும். விசாரிப்பு உரிமை என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து மரியாதைப்பட்ட குடும்பங்களில் அந்தக் கேள்வியே ஒழிந்துபோயிற்று. கல்யாண வீட்டு வாசலில் “நல்லா இருக்கியளா?” என்று யாராவது கேட்டுவிட்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பதில் “பாபநாசம் எத்தனை அடி?” என்று அணையின் நீர்மட்டத்தை விசாரிப்பது திருநெல்வேலிப் பக்கம் வழக்கமாயிற்று. அணைக்கு மட்டும்தான் பங்காளி இல்லை.

இசக்கிராஜன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊதியதில்லை, விற்றதில்லை, வாங்கியதில்லை. ‘மரண வணிக எதிர்ப்புக் குழு’வின் தலைவர். செயலாளரும் பொருளாளரும் அவரே. பங்காளிகளுக்கு அவர் வைத்த பெயர் கழுகு. அதிலும், உயிருக்கு உயிராகப் பழகுகிறவன்போல் வந்து உட்கார்ந்து, காபி குடித்து, கடைசியில் மெல்ல உடம்பை விசாரிக்கிற ரகம் இருக்கிறதே, அது கழுகுக்கும் கீழே என்பார். கழுகாவது செத்த பிறகுதான் இறங்கும்.

அவருடைய ஒரே நண்பர் ஜெபசிங். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு இவர் மின்வாரியத்துக்கும் அவர் டிரில் மாஸ்டர் வேலைக்கும் போனார்கள். தினமும் காலையில் மைதானத்தை ஒன்றாகச் சுற்றுவார்கள். ‘வே’ என்று உரிமையோடு கூப்பிடாமல் அவர்களுக்கு ஒரு வாக்கியம் முடியாது.

ஜெபசிங்குக்கு இரண்டு சிறுநீரகமும் ஒரே வருஷத்தில் மக்கர் செய்தன. ஊதினார். இரண்டு வருஷம் என்றது குழல். ஜாடியில் அவருடைய செல்லையே வைத்து வளர்த்தெடுக்கும் வளர்ப்புச் சிறுநீரகம் அப்போது மதுரைக்கு வந்திருந்தது. வீட்டை விற்றாலும் பாதிக்குத்தான் வரும். பாலிசி மட்டும் பழையது, பெரியது. இரண்டே வருஷம் என்பதால் சந்தையில் அதற்கு ஏக கிராக்கி. ஒரு மத்தியானத்தில் நூறு பங்கும் விற்றுத் தீர்ந்தன.

இதைக் கேள்விப்பட்டு இசக்கிராஜன் ஆஸ்பத்திரிக்கே போய் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மானம், மனிதன், சந்தை, சந்தையில் தொங்கும் ஆடு என்று அது நீண்டுகொண்டே போனது. டியூப் சொருகிய கையோடு படுத்திருந்த ஜெபசிங் முழுவதையும் கேட்டுவிட்டு, “எனக்கு மூத்திரம் போகல வே. உமக்கு மானம் போகுதுங்கீரு. எது அவசரம், நீரே சொல்லும்” என்றார். நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள். இசக்கிராஜன் இரண்டு வாரம் பேசவில்லை.

சிறுநீரகம் அருமையாகப் பொருந்தியது. வீட்டுக்கு வந்த ஜெபசிங் ஊதியபோது இருபத்தாறு வருஷம் என்று வந்தது.

பங்காளிகளுக்கு இடி விழுந்தது போலாயிற்று. எங்கள் காசிலேயே பிழைத்துக்கொண்டார் என்று புலம்பினார்கள். நியாயம்தான், அவர்கள் காசில்தான் பிழைத்தார். விற்றது சாவு, அந்தக் காசில் வாங்கியது ஆயுள். இப்படி ஒரு ஓட்டை இருப்பது அத்தனை புத்திசாலிகளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விற்றவர் சாவதாக எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

பிறகு பரிசுகள் வர ஆரம்பித்தன. ஈரோட்டுப் பங்காளி ஒருவர், நல்ல வேகம் போகக்கூடிய மோட்டார் பைக் ஒன்றைத் தலைக்கவசம் இல்லாமல் அனுப்பிவைத்தார். சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வாராவாரம் பொரித்த கோழியையும், அதில் மிஞ்சிய எண்ணெயைத் தனியாக ஒரு டப்பாவிலும் அனுப்பியது. கூட ஊறுகாய் வேறு. ஜெபசிங்கின் மனைவி எமிமா எல்லாவற்றையும் வாங்கி, நன்றி சொல்லி, குப்பையில் போட்டாள். பைக் மட்டும் வாசலில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாக்கெட் மணியில் ஆளுக்கு அரைப் பங்கு வாங்கியிருந்த கல்லூரி ஹாஸ்டல் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக உடம்பை விசாரித்தார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக ஊத வேண்டியிருந்தது. அறுவைத் தழும்பைக் கையால் பிடித்துக்கொண்டு ஜெபசிங் ஊதினார். கடைசிப் பையன் படம் எடுக்க ஃபோனைத் தூக்கிப் பிடித்து, “சார், இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவா” என்றான். மாஸ்டராக இருந்த காலத்தில் இந்த வயசுப் பையன்களை விசில் அடித்து ஓடவிட்டவர், குழலைத் துடைத்துவிட்டு மறுபடி ஊதினார்.

அன்றைக்கு இசக்கிராஜன் அங்கே இருந்தார். ஒரு மனுஷனின் கடைசி மூச்சைக் கூறு போட்டு, கூறுக்கு இவ்வளவு என்று விற்ற உலகத்தின் மேல், அதை வாங்கிய இந்த மீசை முளைக்காத கழுகுகளின் மேல், இதற்குச் சட்டம் எழுதி முத்திரை குத்தியவர்களின் மேல் அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபத்தில் பையன்களைத் துரத்தினார். துரத்திவிட்டுத் திண்டாடி நின்றார். அடுத்த மாதமும் வருவார்கள். சட்டம் அவர்கள் பக்கம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஜெபசிங்கின் பங்கு விலை பாதாளத்தில் கிடந்தது. இருபத்தாறு வருஷம் காத்திருக்க யாருக்குப் பைத்தியம்? நூறு பங்கும் சேர்த்து ஒரு நல்ல காரின் விலைதான். இசக்கிராஜன் ஓய்வூதியப் பணத்தை வழித்தெடுத்து ஒன்று விடாமல் வாங்கினார். ஹாஸ்டல் பையன்கள் நன்றி சொல்லி ஃபோன் செய்தார்கள்.

டீக்கடையில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். “இன்றிலிருந்து என் நண்பனின் சாவு, அதை விரும்பாத ஒருவன் கையில் இருக்கிறது. இனிமேல் இந்த ஊரில் யாரும் அவனை உடம்பு எப்படி என்று கேட்க முடியாது” என்றார். கைதட்டினார்கள். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அப்படி ஒரு நண்பர் வாய்க்கவில்லை. ஜெபசிங் மட்டும் ஜாங்கிரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “நீரு இத வாங்கியிருக்கக் கூடாது வே” என்று மெல்லச் சொன்னார். நன்றியில் நா தழுதழுக்கிறது என்று இசக்கிராஜன் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி சுபலட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சரி, மாசத் தவணை?”

அது ஒரு பெரிய விஷயமா என்றார் இசக்கிராஜன்.

அது பெரிய விஷயமாகச் சில பிறந்தநாள்கள் பிடித்தன. ஜெபசிங்கினுடையது, வயது ஏற ஏறத் தவணையும் ஏறுகிற ரகம். ஒரு தவணை தவறினாலும் பாலிசி காலாவதி, போட்ட பணம் அத்தனையும் போச்சு. ஜெபசிங் வீட்டில் கேக் வெட்டும் அதே நாளில், இசக்கிராஜன் ஃபோனுக்குப் புதுத் தவணை வந்து சேர்ந்தது. முதல் வருஷம் பாட்டுப் பாடிக் கைதட்டினார். அடுத்த வருஷம் கைதட்டினார். அதற்கடுத்த வருஷம், மெழுகுவர்த்தியை ஜெபசிங் ஒரே மூச்சில் அணைத்ததைப் பார்த்து, “இவ்வளவு மூச்சா வே உமக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எமிமாவைத் தவிர.

கார் போனது. மாடி வாடகைக்குப் போனது. சுபலட்சுமியின் முழங்கால் ஆபரேஷன், மழைக்குப் பிறகு பார்க்கலாம், கோயில் கொடைக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற மனிதர் கார்களுக்கு மின்சாரம் ஏற்றும் நிலையங்களில் ஒயர் பார்க்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே மேலாளர் அவருடைய மகன் வயசு. “பெரியவரே” என்பான்.

“அவரு நல்லா இருக்கணும்னுதான் நானும் சாமி கும்பிடுதேன்” என்று சுபலட்சுமி சுவரைப் பிடித்து வாசல்படி இறங்கிக்கொண்டே சொல்வாள். “ஆனா சாமி நம்ம பக்கமும் கொஞ்சம் திரும்பணும்லா.”

ஜெபசிங்கோ நாளுக்கு நாள் மெருகேறினார். உப்பைக் குறை என்றார் டாக்டர், இவர் உப்பையே விட்டுவிட்டார். தாமிரபரணியில் நீச்சல். மூத்தோர் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்தில் இரண்டாவது இடம். பதக்கத்தைக் காட்ட வந்தபோது இசக்கிராஜன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பித்தளைதானா என்று கேட்டார். மைதானத்தில் இவ்வளவு வேகமாக நடக்க வேண்டுமா என்றும் ஒருநாள் கேட்டார். தமக்கு மூச்சு வாங்குகிறது என்றுதான் காரணம் சொன்னார். அது உண்மையும்தான்.

இன்னொரு நாள் டீக்கடையில், ஜெபசிங் கேட்காமலே இசக்கிராஜன் ஒரு தட்டு உளுந்தவடை வாங்கி அவர் முன்னால் வைத்தார். சூடு, நல்ல மொறுமொறுப்பு, மேலே உப்பும் மிளகும். ஜெபசிங் அந்தத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பிய்த்துக் காக்காய்க்குப் போட்டார். இருவரும் காக்காய் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜன் வடையை வடை என்றுதான் நினைத்து வாங்கினார். அப்படித்தான் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வீடு வரும் வரைக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாரம் மைதானத்தில் மூன்றாவது சுற்றில் ஜெபசிங் நின்றார்.

“தவணையக் கட்டாம விடும் வே” என்றார். “சவத்த விடும்.”

“என்ன பேசுதீரு?”

“காலாவதியாப் போகட்டும். அப்புறம் என் சாவு உமக்கும் இல்ல, ஈரோட்டுக்காரனுக்கும் இல்ல. எனக்கே எனக்கு. அதுக்குத்தான வே வாங்குனீரு?”

எத்தனை நியாயமான வார்த்தை. குழுத் தலைவரின் பழைய சொற்பொழிவில் அப்படியே வைத்துத் தைக்கலாம். இசக்கிராஜனும் அதை ஒப்புக்கொள்ளத்தான் வாயைத் திறந்தார்.

“போட்ட காசு?” என்றது வாய்.

ஜெபசிங் மறுபடி நடக்க ஆரம்பித்தார். தாமே தவணையில் பாதி கட்டுவதாக முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். மருந்து வாங்கியது போக மிஞ்சுகிற பென்ஷனில் அது எப்படி முடியும் என்று கேட்காமல், தன் சாவுக்குத் தானே தவணை கட்டுவது கேவலம் என்று சொல்லி இசக்கிராஜன் மறுத்திருந்தார். இப்போது யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த மாதம் முழுவதும் யோசித்தார். மாதக் கடைசியில் தவணையைக் கட்டினார்.

அதற்குப் பிறகு இருவரும் நடந்தார்கள். பேசினார்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று எல்லா அணைகளையும் பேசினார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் காலை ஜெபசிங் மைதானத்துக்கு வரவில்லை.

முப்பது வருஷத்தில் அவர் சொல்லாமல் நின்றதில்லை. இசக்கிராஜன் ஒரு சுற்று நடந்தார். கேட்டைப் பார்த்தார். இன்னொரு சுற்று நடந்தார். ஃபோன் செய்து பார்த்தார், ஜெபசிங் எடுக்கவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ திறந்துகொண்டது. பயம் என்று நினைத்து அதைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக ரோட்டுக்கு வந்தார். ரோட்டைக் கடப்பதற்குள், சுபலட்சுமியின் முழங்கால், மாடியைக் காலி செய்யச் சொல்வது, சார்ஜிங் நிலையத்து மேலாளரிடம் என்ன சொல்லிவிட்டு வேலையை விடுவது என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வரிசையில் சுபலட்சுமியின் முழங்கால்தான் முதலில் வந்தது என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தெருமுனை திரும்பும்போது இரங்கல் கூட்டத்தில் பேச வேண்டியது தயாராகிவிட்டது. நல்ல பேச்சு. பெஞ்சிலிருந்து ஆரம்பித்தது. பேசும்போது தமக்கே அழுகை வரும் இடம் எது என்றுகூடத் தெரிந்தது. உண்மையாகவே கண் கலங்கியது. ஜெபசிங் வீட்டு வாசலில் செருப்புகள் இல்லை. கூட்டம் இல்லை. ஈரோட்டு பைக் மட்டும் பனியில் நனைந்து நின்றது.

மணியை அழுத்தினார். ஜெபசிங் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

“என்ன வே, கண்ணெல்லாம் செவந்திருக்கு?” என்றார். “லேசா சளி. அசந்து தூங்கிட்டேன். வாரும்.”

இசக்கிராஜன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். உடம்பு முழுவதும் தளர்ந்துபோனது. சந்தோஷம் வந்தாலும் உடம்பு தளரும்தானே. எமிமா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். பாபநாசம் எத்தனை அடி என்று ஜெபசிங் கேட்டார். இசக்கிராஜன் சொன்னார். மழை பிடித்துக்கொண்டால் இந்த வருஷம் நிரம்பிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். காபி நன்றாக இருந்தது. ஜெபசிங் துண்டை வாயில் வைத்து இருமினார். நின்று, இன்னொரு முறை இருமினார். இந்தத் தடவை அடியிலிருந்து வந்தது.

இசக்கிராஜன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“உடம்பு எப்படி இருக்கு?” என்றார்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஜெபசிங் அவரைப் பார்த்தார். வெறும் சளிக்குக் கேட்டதாகவும் இருக்கலாம். நண்பனாகத்தான் கேட்டேன், வாய் தவறிவிட்டது வே என்று சொல்லிவிட இசக்கிராஜனுக்கு வேண்டிய நேரம் இருந்தது. அந்த நேரம் மெதுவாக, ஒவ்வொரு நொடியாக அவர் முன்னால் கடந்து போனது. ஜெபசிங்கும் அது முழுசாகப் போகும் வரைக்கும் காத்திருந்தார்.

“உள்ள வச்சிருக்கேன்” என்று எழுந்தார். “எடுத்துட்டு வாரேன். நீங்க உக்காருங்க சார்.”

குழலைக் கொண்டுவந்து, நுனியைத் துண்டால் துடைத்து, முதுகை நிமிர்த்தி நின்று ஊதினார். மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி விசில் அடித்துப் பழகிய நீண்ட மூச்சு. இசக்கிராஜன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.